ரோபோ: வெட்டியாள், எந்திரன், மரமனிஷி

ரோபோ (பெயர்ச்சொல்): 1. எழுதிக்கொடுத்த நிரலின்படி தானாக அசைந்து வேலை செய்யும் கருவி. 2. அறிவியல் புனைகதையில், மனிதன் செய்த செயற்கை ஆள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சொல் பிறந்தது செக் மொழியில். காரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1920-இல் அச்சாகி, 1921-இல் பிராகில் மேடையேறியது. செயற்கை ஆட்களை ‘லபோரி’ என்று அழைக்கத்தான் அவர் முதலில் நினைத்தார். ‘ரோபோட்’ என்று எடுத்துக்கொடுத்தவர் அண்ணன் யோசெப். ‘ரொபோத்தா’ என்றால் பண்ணையாரின் நிலத்தில் குடியானவர் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. பொஹீமியாவில் 1775-இல் வந்த ஆணை அதற்கு வாரம் மூன்று நாள் என்று வரம்பு கட்டியது. 1848-இல் அந்த முறையே ஒழிந்தது.

இதற்கு நேர்ச்சொல் நம்மிடம் பழசாகவே உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் ஊரார்மேல் விழும் கூலியில்லா வேலைக்கு அதுதான் பெயர். ‘அமஞ்சி’ என்பதும் அதுவே. தமிழில் இன்று வெட்டி என்றால் வீண் என்று பொருள் நழுவிவிட்டது. ஆனால் ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம், தெலுங்கின் ‘வெட்டிச்சாகிரி’ பழைய பொருளை அப்படியே வைத்திருக்கிறது. ஆக, வேர்ப்பொருள் பார்த்துப் பெயர்த்தால் ரோபோ என்பவன் வெட்டியாள்.

இன்னொன்று: சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பு அல்ல. அவர் ஆலையில் நரம்பும் ரத்தக்குழாயும் நூற்கப்படும், ஈரலும் மூளையும் தொட்டிகளில் தயாராகும். சதையும் தோலும் உள்ளவை. அந்த நாடகத்தைத் தமிழாக்குபவர் ‘இயந்திர மனிதன்’ என்று போட்டால் முதல் காட்சியிலேயே கதை முரண்படும். அங்கே ‘ரோபோ’ என்றே விடுவதுதான் சரி.

உலோக உடம்பு வந்த பிறகுதான் எந்திரம் என்ற சொல்லுக்கு இடம். ‘கரும்பின் எந்திரம்’ என்று ஐங்குறுநூறு ஆலையைச் சொல்கிறது. வடமொழி ‘யந்த்ர’ என்பதன் தமிழ் வடிவம் இது. ‘இயங்கு’ என்பதிலிருந்து வந்தது என்பது காதுக்கு இனிய கற்பனை. தனித்தமிழ் வேண்டுவோருக்குப் ‘பொறி’ இருக்கிறது, அதற்கு இலக்கியச் சான்றும் பலமானது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் நின்ற பொறிகளில் ‘கருவிரல் ஊகம்’ குரங்கு வடிவம், ‘சென்றெறி சிரல்’ மீன்கொத்தி வடிவம். சீவக சிந்தாமணியின் மயிற்பொறி விசையை வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். இயக்குமுறையோடு வரும் பறவைப்பொறி! ஆனால் இன்று தனியாகப் ‘பொறி’ என்றால் எலிப்பொறியும் தீப்பொறியும் ஐம்பொறியும் முந்திக்கொள்ளும். மயிற்பொறி, நாய்ப்பொறி என்று தொகையாக ஆண்டால் மட்டுமே தெளிவு.

‘தானியங்கி’யைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பணம் தரும் பெட்டியும் தானியங்கி, கதவும் தானியங்கி. தொழிற்சாலை ரோபோவின் அடையாளம் வேறு: மூன்று அல்லது கூடுதல் அச்சுகளில் அசையவேண்டும், நிரலை மாற்றினால் வேறு வேலைக்குத் திரும்பவேண்டும். 1961-இல் நியூஜெர்சியின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான வார்ப்புகளைத் தூக்கிய ‘யூனிமேட்’ ரோபோ வெறும் ஒற்றைக் கைதான். அதற்கு ‘எந்திரக் கை’ பொருந்தும், ‘இயந்திர மனிதன்’ சிரிப்பு மூட்டும்.

தெலுங்கில் ரோபோவுக்கு ‘மரமனிஷி’ என்பார்கள். திருத்தணிக்கு வடக்கே புதிதாகப் போகிறவர் மரத்தால் செய்த ஆள் என்று நினைக்கக்கூடும். மரத்துக்குத் தெலுங்கில் ‘செட்டு’. இந்த ‘மர’ எந்திரத்தையும் திருகையும் குறிப்பது, நகரியின் விசைத்தறியை ‘மரமக்கம்’ என்பது இதனால்தான். நம் மரையாணியை நினைத்துக்கொண்டால் மறக்காது. வாளையாறு தாண்டினால் மலையாளத்தில் ‘யந்த்ரமனுஷ்யன்’, குழப்பமே இல்லை.

கதை எழுதுவோரைத் தமிழ் வேறிடத்தில் மடக்கும்: வினைமுற்றில். மலையாளத்தில் யார் வந்தாலும் ‘வந்நு’. தெலுங்கில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ‘வச்சிந்தி’ ஒன்றே. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘எந்திரன்’ என்று எழுதிய உடனே ‘ன்’ ஈறு ஆணாக்கிவிடும், ‘வந்தான்’ தவிர வழியில்லை. பெண்பாலுக்கு ‘எந்திரி’ என்று படைத்தால் பேச்சுவழக்கில் எழுந்திரு என்று ஆகிவிடும்; ‘எந்திரப்பாவை’ நல்லது. பால் தெரியக்கூடாத பாத்திரமா, ‘ரோபோ வந்தது’ என்று தொடங்குங்கள். அதற்கு உணர்வு பிறக்கும் இடத்தில் ‘அது’வை ‘அவன்’ ஆக்கினால் வாசகருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரை மாற்றினால் போதும்; தமிழில் வினையும் கூடவே மாறவேண்டும். பாதியில் ஒரு வினைமுற்று பழையபடி நின்றுவிடுவதே மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் அதிகம் தப்பும் பிழை.

பக்கத்துச் சொற்கள்: ஆண்ட்ராய்ட் என்பது மனித உரு கொண்டது மட்டும், கைப்பேசி நினைவு வருவதால் ‘மனித உரு ரோபோ’ என்க. சைபோர்க் (1960-இல் உருவான சொல்) உயிருள்ள உடம்பில் கருவி இணைந்தது, ரோபோ ஆகாது.

எழுத்து: ரோபோ, ரோபோவை, ரோபோக்கள்; ரோபாட் என்று எழுதினால் ரோபாட்டை, ரோபாட்டுகள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.