இரண்டு நிமிடம் நின்ற பஸ்

மாலை ஆறரை மணிக்குச் சென்னை ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) தெற்கு நோக்கிப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். படூரிலேயே வண்டிகள் ஊர ஆரம்பிக்கும். முன்னால் ஏதோ ஆக்சிடென்ட் போல என்று நினைத்துக்கொண்டு இருபது நிமிடம் கிளட்ச்சை மிதித்து மிதித்துக் கேளம்பாக்கம் சந்திப்பு வரை போனால், அங்கே ஒன்றுமே இருக்காது. உடைந்த கண்ணாடியும் இல்லை, நின்றுபோன லாரியும் இல்லை. சந்திப்பைத் தாண்டியதும் சாலை தாராளமாகத் திறந்து கிடக்கும். அப்படியானால் இவ்வளவு நேரம் நம்மை நிறுத்தி வைத்தது எது?

கேளம்பாக்கம் நெடுங்காலம் கிராம ஊராட்சியாகவே இருந்த ஊர். பக்கத்தில் உப்பளங்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இதுதான் கடைத்தெரு. மேற்கே வண்டலூர் சாலை, கிழக்கே கோவளம் சாலை, வடக்கும் தெற்குமாகப் பழைய மாமல்லபுரம் சாலை. (வண்டலூர் பக்கம் 2023 கடைசியில் பேருந்து முனையம் திறந்த கிளாம்பாக்கம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு.) மத்திய கைலாஷிலிருந்து வந்த ஆறு வழிச் சாலை சிறுசேரியோடு முடிந்தது. அந்த அகலத்தில் வந்த கூட்டம் கேளம்பாக்கத்தின் பழைய கடைத்தெருவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. படப்பை, குன்றத்தூர், மாங்காடு என்று சென்னையைச் சுற்றி வளர்ந்த ஊர்களுக்கெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான்.

நெரிசல் என்றதும் ‘ரோடு சின்னது, வண்டி அதிகம்’ என்போம். பாதி உண்மை. ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்பதை ஏரியின் அகலமா தீர்மானிக்கிறது? மதகுதானே. சாலைக்கு மதகு சந்திப்பு. வரிசையாக நிற்கும் கார்கள் நகரத் தொடங்கினால், ஒரு தடத்தில் சுமார் இரண்டு நொடிக்கு ஒன்று கடக்கும். தடையே இல்லாவிட்டால் மணிக்கு 1,800. ஆனால் மூன்று பக்கத்து வண்டிகளும் ஒரே இடத்தைக் கடந்தாக வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 600. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் கிளம்புவதற்குள் வீணாகும் நொடிகளைக் கழித்தால் இன்னும் குறையும். சந்திப்புக்கு முன்னால் சாலையை எவ்வளவு அகலமாக்கினாலும், மதகு அப்படியே இருந்தால் வெளியேறும் அளவும் அப்படியேதான் இருக்கும்.

நம் ஊரில் கார் மட்டும் ஓடுவதில்லை என்பது அடுத்த சிக்கல். டூவீலர், ஷேர் ஆட்டோ, குட்டியானை, தண்ணீர் லாரி, கம்பெனி பஸ் என்று எல்லாம் கலந்து வரும். இவற்றை ஒரே அளவுகோலில் எண்ண, ஒவ்வொன்றையும் ‘எத்தனை காருக்குச் சமம்’ என்று மாற்றுவது பொறியாளர்களின் வழக்கம். டூவீலர் ஏறக்குறைய அரை கார். பஸ்ஸும் லாரியும் பல கார். மாட்டு வண்டி தன் உருவத்தைவிடப் பெரிய எண்ணைப் பெறும். அது பிடிக்கும் இடத்தைவிட, பின்னால் வருகிறவர்களைத் தன் வேகத்துக்கு இழுத்துவிடுவதுதான் காரணம். கூழாங்கற்களுக்கு நடுவே மணல் இறங்குவதுபோல டூவீலர்கள் இடைவெளிகளில் இறங்கிவிடுவதால், தடம் பார்த்து ஓடும் நாடுகளின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

இனி அந்த இருபது நிமிடத்துக்கு வருவோம். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் விஷயம் அப்படியே பிடிபடும். ஒரு பக்கத்துச் சாலையிலிருந்து சந்திப்பு நிமிடத்துக்கு 24 வண்டிகளை அனுப்ப முடியும்; வருவது 20. எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்போது ஒரு பஸ் சந்திப்பின் வாயிலேயே நின்று ஆளை ஏற்றுகிறது. அதை ஒட்டி இரண்டு ஷேர் ஆட்டோக்கள். இரண்டு நிமிடம் வழி அடைபடுகிறது. பின்னால் 40 வண்டி சேர்ந்துவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது, சரி. இப்போது நிமிடத்துக்கு 24 போகிறது, ஆனால் 20 வந்துகொண்டே இருக்கிறது. அதாவது வரிசை நிமிடத்துக்கு 4 வண்டிதான் குறையும். 40 வண்டி தீரப் பத்து நிமிடம்.

வரத்து 20-க்குப் பதில் 22 என்று வையுங்கள். இரண்டே இரண்டு வண்டிதான் கூடுதல். இப்போது 44 வண்டி சேரும், நிமிடத்துக்கு 2 குறையும்: 22 நிமிடம். வரத்து 23 ஆனால் 46 நிமிடம். அடைபட்டது அதே இரண்டு நிமிடம்தான். வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியபோது தாமதம் பாய்ந்து கூடுகிறது. ‘போன வருஷம் வரை நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று என்ன ஆச்சு’ என்று வளரும் ஊர்க்காரர்கள் கேட்பது இதனால்தான். திடீரென்று எதுவும் ஆகவில்லை. மிச்சமிருந்த இடைவெளி மெல்லக் கரைந்து, கடைசித் துளியில் வந்து நிற்கிறது. அந்த வரிசையின் வாலில் நிற்கிறவர் முன்னால் வந்து சேரும்போது, இதற்கெல்லாம் காரணமான பஸ் எங்கோ போயிருக்கும்.

இதே புதிரை நூறு வருடத்துக்கு முன்பே டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர் தொலைபேசி நிலையத்துக்காக ஆராய்ந்தார். எத்தனை பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் எத்தனை இணைப்பு வேண்டும் என்பது அவருடைய கேள்வி. 1909-இல் அவர் தொடங்கிய கணிதத்திலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. அதன் எளிய சூத்திரம் ஒன்று சொல்கிறது: சமாளிக்கக்கூடிய அளவில் பாதிதான் வந்தால், கவனிக்கப்படுகிறவரையும் சேர்த்துச் சராசரியாக ஒருவர்தான் வரிசையில் இருப்பார். 80 சதவீதம் என்றால் 4 பேர். 90 என்றால் 9. 95 என்றால் 19. ரேஷன் கடையோ கூட்ரோடோ, சீரில்லாமல் வரும் எந்தக் கூட்டத்துக்கும் வரிசை கூடுகிற விதம் இதுதான்.

நெரிசல் ஏன் படூர் வரை நீள்கிறது? நிற்கும் வரிசையில் முன்னவர் நகர்ந்தால்தான் பின்னவர் நகர முடியும். அதனால் வண்டிகள் முன்னே போக, ‘நின்றது’ என்ற செய்தி பின்னோக்கி ஓடுகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓட விட்டார்கள். சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராகப் போகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் சற்றே வேகம் குறைக்க, அடுத்தவர் அதைவிடக் கூடுதலாகக் குறைக்க, கார்கள் நின்றே போயின. அந்த நெரிசல் அலையாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. திறமையான ஓட்டுநர்கள், வெற்றுப் பாதை. அங்கேயே இப்படி என்றால், நடுவில் ஒரு பசு குறுக்கே வரும் கடைத்தெருவில் கேட்கவே வேண்டாம்.

இவை எல்லாம் வெறும் தாமதம். உண்மையிலேயே பயப்பட வேண்டியது பூட்டிக்கொள்வது. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ரோட்டின் முழு அகலத்தையும் நிரப்பிக்கொண்டு நிற்பார்கள். கேட் திறந்ததும் யாருக்கும் போக வழியில்லை. சந்திப்பிலும் அதேதான். வண்டலூர் சாலைக்கு வலது திரும்ப நிற்கிற வரிசை, கோவளத்திலிருந்து வருகிறவரை மறிக்கிறது. அவருடைய வால், முதல் ஆள் திரும்ப வேண்டிய வாயை மறிக்கிறது. ஒருவர் நகர மற்றவர் நகர வேண்டும். அவர் நகர இவர் நகர வேண்டும். இந்த நிலையில் வெளியேற்றம் குறைவதில்லை, பூஜ்யம் ஆகிறது. இதற்குள் ஒரு 108 ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால், ஒதுங்க மனமிருந்தும் யாருக்கும் ஒதுங்க இடம் இருக்காது. அந்த சைரன் சத்தத்தை நடு ரோட்டில் நின்று கேட்டவர்களுக்கு நெரிசல் ஒரு சாதாரணத் தொல்லையாகத் தோன்றாது.

சரி, அகலப்படுத்தினால்? கிராமத்து மையத்தில் சாலைக்கு இரண்டு வேலை. ஊரைக் கடந்து போகிறவருக்கு அது பாதை. காய்கறி வாங்க வருகிறவருக்கு அதுவே போய்ச் சேரும் இடம். அகலப்படுத்திய இடத்தில் மறுநாளே பைக்குகள் நிற்கும், தள்ளுவண்டி வரும், குட்டியானை சரக்கு இறக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர்கள் இல்லாவிட்டால் அது ஊரே இல்லை. புறவழிச்சாலை முதல் வேலையைப் பிரித்து எடுத்துவிடும், அதனால்தான் படூரிலிருந்து தையூருக்கு ஒன்று திட்டமிடப்பட்டது. ஆனால் ஊருக்குள்ளேயே வருகிறவர்களை அது குறைக்காது.

ஆகவே நான் முதலில் கைவைக்கச் சொல்வது பஸ் நிறுத்தத்தில். சந்திப்புக்கு முன்னால் நிற்கும் பஸ் மதகை அடைக்கிறது. அதே பஸ் சந்திப்பைத் தாண்டி ஐம்பது அறுபது மீட்டர் போய், ஓரமாக ஒதுக்கிய இடத்தில் நின்றால், மதகு திறந்தே இருக்கும். தாண்டின உடனேயே நிறுத்தவும் கூடாது. பின்னால் இன்னொரு பஸ் வந்தால் அதன் வால் சந்திப்புக்குள் நீளும். ஷேர் ஆட்டோக்களுக்கும் அங்கேயே இடம் தர வேண்டும், இல்லையென்றால் ஆள் நிற்கிற இடத்துக்குத்தான் அவர்கள் வருவார்கள். சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லலாம்.

அப்புறம் நடந்து கடக்கிறவர்கள். 14 மீட்டர் அகலச் சாலையை ஒருவர் கடக்கச் சுமார் 12 நொடி ஆகும். இரு திசையிலும் சேர்த்து நிமிடத்துக்கு 20 வண்டி சீரில்லாமல் வருகிறது என்றால், அவர் சாலையைப் பார்க்கும் நொடியிலிருந்து அடுத்த 12 நொடிக்கு ஒரு வண்டியும் வராமலிருக்க 100-க்கு 2 வாய்ப்புகூட இல்லை. அதனால்தான் கையைக் காட்டிக்கொண்டு நடுவில் இறங்குகிறார்கள், வண்டிகள் பிரேக் போடுகின்றன, அலை பின்னோக்கிக் கிளம்புகிறது. நடுவில் நின்றுகொள்ள ஒன்றரை மீட்டர் திட்டு ஒன்று கட்டிவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும், 6 நொடியில் கடந்தால் போதும். அப்போது அந்த வாய்ப்பு 100-க்கு 37. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அந்தத் திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்கலாம்.