சமதள மரமா, சினாரா?

ஸ்ரீநகர் தால் ஏரியின் நடுவே 'சமதள மரங்கள்' நிற்பதாக ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசனவரி சொன்னது. இதற்கு முன் 'விமான மரம்' என்றும் படித்திருக்கிறேன். இரண்டுமே ஆங்கிலத்தில் 'பிளேன் ட்ரீ' (plane tree) எனப்படும் சினார் மரத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கூத்து. அன்று சிரித்துவிட்டுப் போனேன், இனி முடியாது.

கிரேக்கத்தில் பிளாட்டிஸ் என்றால் அகலம். அதிலிருந்து பிளாட்டனோஸ், லத்தீனில் பிளாட்டனஸ், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் பிளேன். தாவரங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் லத்தீன் பெயரையே பேரினப் பெயராக்கினார். காஷ்மீரில் நிற்பது பிளாட்டனஸ் ஓரியன்டாலிஸ். பறக்கும் பிளேனும் தச்சரின் இழைப்புளியும் எழுத்தில்தான் இதற்கு உறவு.

சரி, 'அகலிலை மரம்' என்போமே என்கிறார்கள் தனித்தமிழ் நண்பர்கள். வேர்ப்பொருளைப் பிடித்தார்கள், மரத்தை விட்டுவிட்டார்கள். ஊசியிலை மரங்களுக்கு எதிராக அகன்ற இலை மரங்கள் என்று ஒரு பெருங்கூட்டமே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மாமரமும் அதில் அடக்கம். அகலம்தான் கணக்கு என்றால், கறி மடித்துத் தருகிற தேக்கிலைக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

இன்னும் சிலர் கைவிரல் போன்ற இலையைப் பார்த்ததும் 'மேப்பிள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கிளையை எடுத்துப் பார்த்தால் போதும். மேப்பிள் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், இதில் மாறி மாறி. சினாரின் இலைக்காம்பைப் பிய்த்தால் அதன் அடி தொப்பிபோல் குழிந்திருக்கும். அடுத்த மொட்டு அதற்குள்தான் ஒளிந்திருந்தது. மேப்பிள் காய்க்குச் சிறகு உண்டு. இதன் காய்க்கொத்து காம்பில் தொங்கும் உருண்டை. லின்னேயஸே ஓர் ஐரோப்பிய மேப்பிளுக்குப் 'பொய்ப் பிளாட்டனஸ்' என்று பொருள்படப் பெயர் வைத்துக் குட்டையைக் குழப்பியவர்தான், அது வேறு கதை.

அந்த மேப்பிளை இங்கிலாந்தில் சிக்கமோர் என்பார்கள். அமெரிக்காவில் அதே பெயர் பிளேன் மரத்துக்கு. ஆனால் ஆங்கில பைபிளில் இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறிய சிக்கமோரோ அத்தி இனத்து மரம். தமிழ் பைபிளைத் திறந்தால் 'காட்டத்தி' என்றே இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அது என்ன மரம் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். இன்று அகராதியில் முதல் பொருளைத் தாண்டிப் போக யாருக்கும் பொறுமை இல்லை.

பிளேன் நம் மண்ணின் மரம் அல்ல. பாரசீகத்திலிருந்து வந்து காஷ்மீரில் வழங்கும் 'சினார்' தமிழ்ச் செய்திகளிலும் பழகிவிட்டது; அதுவே இருக்கட்டும். லண்டன் தெருக்களில் நிற்கும் கலப்பினத்தை 'லண்டன் சினார்' எனலாம். அப்புறம், உச்சரிப்புக்காக 'ச்சினார்' என்று எழுதாதீர்கள். தமிழில் சொல்லுக்கு முதலில் மெய் வராது.