தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குப் பொறுப்பானவரா? உங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு

தடுப்பூசி எதனால் கெடும் என்று கேட்டால் பெரும்பாலோர் வெயிலைத்தான் சொல்வார்கள். பாதி சரி. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி, டி.டி. (டெட்டனஸ்-டிப்தீரியா) போன்றவற்றுக்கு வெயிலைவிடக் குளிர்தான் பெரிய எமன். ஒருமுறை உறைந்துவிட்டால் அவற்றின் வீரியம் போய்விடும். பிறகு உருகி, பார்ப்பதற்குப் பழையபடி இருக்கும். அதைக் குழந்தைக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1985-இல் தொடங்கியது. மருந்து தயாரிப்பாளரிடமிருந்து மாநில, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே அதைப் பாதுகாப்பவர் பெரும்பாலும் மருந்தாளுநர் அல்லது செவிலியர். இவர்களுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2010-இல் ஒரு கையேடு வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. அதை வைத்து நடப்பதுதான் இரண்டு நாள் பயிற்சி. பொறுப்பாளர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் ஒருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நிலையத்தில் ஒருவருக்கு மட்டும் பயிற்சி தந்துவிட்டு நிம்மதியாக இருப்பது, அவருக்கு மாறுதல் உத்தரவு வரும் நாள் வரைதான் செல்லும்.

கற்றுத் தருவதில் பாதி, பெட்டியைப் பற்றியது. தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். (ஐஸ்-லைன்டு ரெஃப்ரிஜரேட்டர்) பெட்டியில் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறையக் கூடாத மருந்துகளை மேலே உள்ள கூடையில் மட்டும் வைக்க வேண்டும். அடித்தளத்தில்தான் குளிர் அதிகம். பக்கத்தில் நிற்கும் டீப் ஃப்ரீசர், ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஐஸ் பேக் உறையவைக்க மட்டுமே. தடுப்பூசி அதற்குள் போகக் கூடாது. காலை, மாலை இருவேளை வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் இதற்கு விலக்கல்ல. மின்சாரம் போனால் முதல் வேலை, மூடியைத் திறந்து பார்க்காமல் இருப்பது.

குப்பி மீது ஒட்டியிருக்கும் வட்டமும் அதனுள் இருக்கும் சதுரமும் அடுத்த பாடம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானால் கழித்துவிட வேண்டும். ஆனால் அது வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைச் சொல்லாது. அதற்குக் குலுக்கல் சோதனை. அதே தயாரிப்பாளரின், அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, மேசைமேல் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ படிந்தால் அது உறைந்த மருந்து. பயிற்சியின் மற்ற பகுதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதைக் கையால் செய்துதான் பழக வேண்டும்.

திறந்த குப்பி விதியிலும் பலர் தடுமாறுகிறார்கள். பென்டாவேலன்ட், டி.டி. போன்றவற்றைத் திறந்த தேதியும் நேரமும் எழுதி, முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாட்கள் வரை பயன்படுத்தலாம். காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது: கரைப்பானுடன் கலந்து நான்கு மணி நேரம், அவ்வளவுதான்.

இப்போது தடுப்பூசி இருப்பையும் வெப்பநிலையையும் கண்காணிக்க இவின் என்ற செயலியும் உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 2015 முதல் 12 மாநிலங்களில் பரவி, பின்னர் நாடு முழுவதும் வந்தது. பெட்டிக்குள் உள்ள உணரி வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வரம்பு மீறினால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். எத்தனை குப்பி வந்தது, எத்தனை போனது என்பதைப் பொறுப்பாளர்தான் பதிவிட வேண்டும். மாவட்டத்தில் இருப்பவர் அந்தக் கணக்கை நம்பித்தான் அடுத்த வண்டியில் ஏற்றுகிறார். ஒரு வாரம் பதிவு தவறினால் ஒரு நிலையத்தில் மருந்து தேங்கும், இன்னொன்றில் தாய்மார்கள் காத்திருந்து திரும்புவார்கள்.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து, கிராமத்துக்குக் கொண்டுபோகும் கேரியரில் வைத்த பிறகு அந்த உணரி கண்காணிப்பதில்லை. தமிழ்நாட்டில் தடுப்பூசி நாளான புதன்கிழமை காலையில் அவசர அவசரமாக, கல்போல உறைந்த நான்கு ஐஸ் பேக்குகளைக் கேரியரில் அடுக்கினால், ஒட்டியிருக்கும் குப்பிகள் வழியிலேயே உறைந்துபோகலாம். அதனால் ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து வைத்து, சிறிது நேரம் கழித்து ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்க்கச் சொல்கிறது கையேடு. உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கேரியரில் அடுக்கி மூடியைப் போட வேண்டும்.