வீட்டுக்கு அடியில் இறக்கும் கான்கிரீட் பைல்: ஆழத்தை அளந்தவர் யார்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் வட்டாரத்தில் வீடு வாங்கிச் சில கோடைகளைக் கடந்தவர்கள், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பையும், சாத்த வராமல் இழுத்துப் பிடிக்கும் கதவையும் படமெடுத்து அனுப்பி, வீட்டைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூணைக் குறிப்பிட்டு, "பைல் போட்டுவிடலாமா சார்?" என்று கேட்பது வழக்கம். அதற்குள் இரண்டு மூன்று ஒப்பந்ததாரர்களின் விலைப்புள்ளிகள் அவர்கள் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றிலும் பைல்களின் எண்ணிக்கை இருக்கும், தொகை இருக்கும், வாழ்நாள் உத்தரவாதம் என்பது தடித்த எழுத்தில் இருக்கும். பைல் எவ்வளவு ஆழம் போகும், அதை அளந்து கையெழுத்திடுபவர் யார் என்பவை மட்டும் இருக்காது. கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் நான் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான்.

இங்குள்ள களிமண், நம் ஊர்க் கரிசலைப் போலவே, ஈரம் ஏறினால் வீங்கி, காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும் இனம். பெரும்பாலான வீடுகள் அந்த மண்ணின்மேல் நேரடியாக ஊற்றிய கான்கிரீட் ஸ்லாபில் (தளப்பலகையில்) நிற்கின்றன. டெக்சாஸின் பதிவுகளிலேயே மிக வறண்டதான 2011 போன்ற ஆண்டுகளில், சுவரோரத்து மண் சுருங்கி விலக, ஸ்லாபின் விளிம்பு இறங்குகிறது. பக்கத்தில் பெரிய ஓக் மரம் இருந்தால் அதன் வேர் இன்னும் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சிவிடும்.

இதற்கு இங்கே பரவலாகச் செய்யப்படும் பழுது, ஸ்லாபின் ஓர உத்திரத்துக்கு அடியில் குழி தோண்டி, 6 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் கொண்ட கான்கிரீட் உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஹைட்ராலிக் ஜாக்கியால் மண்ணுக்குள் அழுத்துவது. பேச்சு வழக்கில் பைல் அடிப்பது என்றாலும், சம்மட்டி எதுவும் இதில் இல்லை. ஜாக்கி கீழே தள்ளுவதற்கு மேலே பிடிமானமாக இருப்பது அந்த வீட்டின் எடையேதான். ஆகவே வீடு எவ்வளவு எடை கொடுக்குமோ அவ்வளவு வரைதான் பைலை அழுத்த முடியும். அதற்குமேல் அழுத்தினால் பைல் இறங்குவதற்குப் பதிலாக வீடு எழும்பும். அந்த நிலையைத்தான் 'இனி இறங்காது' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோடைக் கடைசியில் காய்ந்து இறுகிய களிமண்ணில், தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டின் எடையைக் கொண்டு அழுத்தும் பைல் சில அடிகளிலேயே நின்றுவிடக்கூடும். ஈரம் ஏறி இறங்கும் மண்டலம் பல இடங்களில் சுமார் 10 அடி வரை போகிறது, மரம் இருக்குமிடத்தில் அதற்கும் கீழே. அந்த மண்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்ட பைல், மழைக்காலத்தில் மண் இளகும்போதும் வீங்கும்போதும் மண்ணோடு சேர்ந்தே நகரும். அழுத்தி முடித்தபின் களிமண் பைலை நாளுக்கு நாள் இறுகப் பற்றிக்கொள்ளும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வது பொய்யல்ல. அழுத்தும்போது மண்ணுக்குள் ஏறிய நீரழுத்தம் மெல்லத் தணிவதால் தாங்குதிறன் கூடத்தான் செய்யும். ஆனால் ஆழம் போதாத பைலுக்கு அது ஈடாகாது. தனித்தனி உருளைகளின் நடுவே எஃகுக் கம்பி கோக்காவிட்டால், மண் வீங்கும்போது மேல் உருளைகள் மட்டும் தூக்கப்பட்டு இடையில் இடைவெளி விழவும் வாய்ப்புண்டு.

ஆழத்தைச் சரிபார்ப்பது கடினமான காரியமும் அல்ல. ஓர் உருளை ஓர் அடி என்பதால், எத்தனை உருளைகள் உள்ளே போயின என்று குழிக்குக் குழி எண்ணி, கடைசியாக ஜாக்கி காட்டிய அழுத்தத்தோடு குறித்துக்கொண்டால் போதும். சில வீடுகளின் பதிவேட்டைப் பார்த்தால், முன்வாசல் பைலும் பின்கட்டு பைலும் எல்லாமே 12 அடி என்று ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். மண் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. அந்தத் தாளை நான் சான்றாக ஏற்பதில்லை.

டெக்சாஸில் அஸ்திவாரப் பழுது பார்க்கும் ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே வீட்டுக்காரருக்குப் பிடிமானமாக இருப்பது, அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் டெக்சாஸ் கிளை வெளியிட்டுள்ள வழிகாட்டு நெறிகள். அவை ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன: முதல் நிலை கண்ணால் பார்த்து மதிப்பிடுவது, இரண்டாவதில் தரைமட்ட அளவீடும் வரைபடமும் சேரும், மூன்றாவதில் மண் பரிசோதனை வரை போகும். முதல் நிலையோடு நிறுத்திக்கொண்டு பைல் எண்ணிக்கையை முடிவுசெய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்லாபின் வளைவுக்கு அந்நெறிகள் வைக்கும் வரம்பு நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது 30 அடிக்கு 1 அங்குலம். ஒட்டுமொத்தச் சாய்வுக்கு 1 சதவீதம். தரை ஊற்றிய நாளிலேயே முழுச் சமமாக இருந்திருக்காது என்பதையும், டைல்ஸுக்கும் கார்ப்பெட்டுக்கும் உள்ள தடிமன் வேறுபாட்டையும் கழித்துவிட்டே இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

அளவீட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. விளிம்பு இறங்கியதா, நடு எழும்பியதா என்பதை அதன் வரைபடம் காட்டிக்கொடுக்கும். ஸ்லாபுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் ஒழுகி நடுப்பகுதி வீங்கியிருக்கும்போது சுற்றிலும் பைல் இறக்குவது வீண்செலவு. ஒழுக்கை அடைத்து மண்ணுக்கு அவகாசம் கொடுப்பதே முதல் வேலை. மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி மண்ணைச் சரிவாக அமைப்பதும், மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வேர்த்தடுப்பு வைப்பதும் பைலைவிடப் பலமடங்கு மலிவு.

தூக்கி நிமிர்த்தும் நாளில் உடைவது பெரும்பாலும் குழாய்கள்தான், அதிலும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள். வேலைக்கு முன்னும் பின்னும் குழாய்களில் நீர் நிரப்பிச் சோதிக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். முன்சோதனை இல்லாவிட்டால் "ஏற்கெனவே உடைந்திருந்தது" என்ற பதிலுக்கு உங்களிடம் மறுமொழி இருக்காது. நகராட்சி அனுமதி தேவையா என்பது ஊருக்கு ஊர் மாறும். வீட்டை விற்கும்போது நிரப்பித் தர வேண்டிய அறிவிப்புப் படிவத்தில் முந்தைய அஸ்திவாரப் பழுதையும் குறிப்பிட்டாக வேண்டும் என்பதால், ஆழப் பதிவேடு, பொறியாளர் முத்திரையிட்ட அறிக்கை, இறுதி அளவீடு மூன்றையும் வேலை முடிந்த கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாழ்நாள் உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளையும் ஒருமுறை படியுங்கள்: பெரும்பாலானவை, இறக்கிய பைல்களின் தலையில் மீண்டும் தகடு செருகிச் சரிசெய்வதற்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன, மண் வீங்கி எழும்புவதையும் குழாய் உடைவதையும் விலக்கிவிடுகின்றன.