வடை எப்போது எண்ணெய் குடிக்கிறது?

2025 ஜூலையில் சமோசாவும் ஜிலேபியும் தலைப்புச் செய்தி ஆயின. உணவில் ஒளிந்திருக்கும் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை அலுவலகங்களில் வைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது. அதைச் சில ஊடகங்கள், சிகரெட் பெட்டியில் இருப்பதுபோல் சமோசாவுக்கும் எச்சரிக்கை வரப்போகிறது என்று எழுதிவிட்டன. கடையில் விற்கும் பண்டங்களில் எதையும் ஒட்டச் சொல்லவில்லை என்று அரசு விளக்கம் கொடுத்த பிறகுதான் பரபரப்பு அடங்கியது. அந்தச் சமயத்தில் ஒரு வாசகர் கேட்டார்: “எனக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருக்கிறது. சாயங்கால டீயோடு வடை சாப்பிடுவது பல வருஷப் பழக்கம். அதையும் விட்டுவிட வேண்டுமா?”

வாரத்துக்கு எத்தனை வடை என்பதை அவர் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் ஒரே மாவில், ஒரே வாணலியில் சுட்ட இரண்டு வடைகளில் ஒன்று கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மற்றொன்று மொறுமொறுவென்று உலர்ந்திருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், வடையை விடாமலேயே அதோடு வரும் எண்ணெயில் கணிசமான பங்கை விட்டுவிடலாம்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உளுந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது அது குடித்த எண்ணெயைப் பற்றித்தான்.

அது எப்போது குடிக்கிறது? எண்ணெயில் மிதக்கும்போது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது.

மாவு எண்ணெயில் விழுந்ததும் சுற்றிலும் சளசளவென்று குமிழி கிளம்புகிறதே, அது எண்ணெய் கொதிப்பதால் வருவதல்ல. எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி செல்சியஸ். மாவிலுள்ள தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். மாவுக்குள் இருக்க இடமில்லாமல், நுண்துளைகள் வழியாக அந்த ஆவி வெளியே பீறிட்டு வருகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு குமிழியும் அப்படி வெளியேறும் நீராவிதான். உள்ளிருந்து இந்த வேகத்தில் ஆவி தள்ளிக்கொண்டிருக்கும்போது எண்ணெயால் எதிர்த்து உள்ளே நுழைய முடியாது. வாணலியில் குமிழி அடங்காதவரை வடைக்கு அதன் ஆவியே காவல். தண்ணீர் மிச்சமிருக்கும் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாமல் பஞ்சுபோல் வேகிறது. தண்ணீர் தீர்ந்துபோன மேல்தோல் மட்டும் சூடேறிச் சிவந்து மொறுமொறுப்பாகிறது.

இப்போது வடையை வெளியே எடுக்கிறீர்கள். மேல்தோல் முழுக்க எண்ணெய்ப் படலம். சூடு இறங்குகிறது. துளைகளில் நிரம்பியிருந்த ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது. 1,600 மடங்கு விரிந்திருந்தது சட்டென்று ஒடுங்கினால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு இறுக மூடி வைத்த பிளாஸ்டிக் பாட்டில், ஆறியதும் நசுங்கிப்போகுமே, அதே சங்கதி. பாட்டிலுக்கு மூடி இருக்கிறது, அதனால் நசுங்குகிறது. வடைக்கு ஆயிரக்கணக்கான திறந்த வாய்கள், வாசலிலேயே எண்ணெய். வெளிக்காற்றின் அழுத்தம் அந்த எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. ஆக, வடை எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் தட்டுக்கு வந்த பிறகு!

இதை அழகாகக் காட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. உஃப்ஹைல், எஷர் என்ற இரு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருக்கும்போதே சாயம் கலந்த எண்ணெயை வெவ்வேறு நேரங்களில் ஊற்றிப் பார்த்தார்கள். பொரிக்கும்போதே எண்ணெய் ஏறுவதாக இருந்தால், கடைசியில் ஊற்றிய சாயம் வில்லைக்குள் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லை. எண்ணெய் முக்கியமாக ஏறுவது வெளியே எடுக்கும்போதுதான் என்று 1996இல் எழுதினார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு சாயத்தை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பின்னால் பெரிய தொழில் இருப்பதால் அதற்கு ஆய்வுக் காசு தாராளமாகக் கிடைக்கிறது. மெதுவடைக்கும் பஜ்ஜிக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் தினமும் சாப்பிடும் பண்டத்தை அங்கே ஒரு மாணவர் ஆராய்ச்சிக்கு எடுத்தால், அந்த உதவித்தொகை வீண்போகாது.

சரி, இதை வைத்து என்ன செய்வது? நேரம்தான் எல்லாம். 170 டிகிரியில் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். ஆற ஆறப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாகும். அதனால் சாரணியில் (ஓட்டைக் கரண்டியில்) அரித்தெடுத்த வடையை உடனே தட்டில் கொட்டாமல், வாணலிக்கு மேலேயே கொஞ்ச நேரம் பிடித்துக் குலுக்க வேண்டும். அங்கே சூடு இறங்காது, ஆவி ஒடுங்காது, எண்ணெய் சொட்டுச் சொட்டாக வாணலிக்கே திரும்பும். நல்ல டீக்கடை மாஸ்டர் சாரணியை வாணலி விளிம்பில் ரெண்டு தட்டு தட்டுவார், பார்த்திருப்பீர்கள். அந்த ரெண்டு தட்டு, நாம் அப்புறம் பேப்பரில் வைத்து அழுத்துவதைவிட மேல். ஆறிய வடையை எவ்வளவு பிழிந்தாலும் உள்ளே போன எண்ணெய் முழுசாக வராது. செய்தித்தாளில் பிழிவதோ அச்சு மையையும் சேர்த்துச் சாப்பிடுவது. உணவைச் செய்தித்தாளில் சுற்றித் தரக்கூடாது என்று விதியே இருக்கிறது.

எண்ணெய்க்கு இடம் விடுவது வெளியேறிய தண்ணீர்தான். தண்ணீர் எவ்வளவு போகிறதோ, எண்ணெய்க்கு அவ்வளவு இடம். உருளைக்கிழங்கு சிப்ஸில் கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரும் போய்விடுவதால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை எண்ணெய் இருக்கும். நடுவில் ஈரம் நிற்கும் கனமான வடைக்கோ, வாழைக்காய் பஜ்ஜிக்கோ அந்த அளவு ஏறாது. சோடா உப்பு போட்டால் வடை எண்ணெய் குடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரியே. சோடா உப்பு துளைகளைப் பெருக்குகிறது. தயிர்வடைக்காக வடையை வெந்நீரில் போட்டு எடுப்பதையும் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் மேலே சின்னச் சின்ன வட்டங்களாக எண்ணெய் மினுங்கும். அதை ஊற்றிவிட்டுத் தயிரில் போடுவது ருசிக்காக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டுவிட்டு வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, வெந்நீரிலும் கரையாது. வயிற்றுக்குள் போன வெந்நீர் சீக்கிரமே உடம்பின் சூட்டுக்கு வந்துவிடும். கொழுப்பை உடைக்கும் வேலை பித்தநீருக்கும் கணைய நொதிக்கும் உரியது. அவை அதை உடைப்பதே உடம்பு உறிஞ்சிக்கொள்வதற்காக. படித்தவர்கள்கூட இதைப் பகிர்ந்துகொண்டே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கவலையில்லாமல் அதிகம் சாப்பிட இது துணைபோகிறது.

பார்சல் வாங்குவதிலும் இதே கண்ணோடு பார்க்கலாம். மேலே ஒட்டிய எண்ணெயை வடிக்க முடியும். மாவோடு பிசைந்த எண்ணெயை வடிக்க முடியாது. பரோட்டாவின் ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் எண்ணெய் தடவியிருக்கிறார்கள், அதுதான் பரோட்டா. அங்கே குறைக்க முடிவது எண்ணிக்கைதான்: மூன்றுக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு முட்டை, நிறைய வெங்காயம். சால்னாவைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால் எண்ணெய் மேலே வந்துவிடும், கரண்டியால் ஒதுக்கிவிடலாம். சூடான வடை பார்சலை வீட்டுக்கு வந்ததும் திறந்து வையுங்கள். மூடிய கவருக்குள் ஆவி தண்ணீராகி மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும்.

நான் வேண்டாமென்று திரும்பி வருவது ஓர் இடத்தில்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் சேரும். அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய எண்ணெய் கெட்டியாகி வடையில் அதிகமாக ஒட்டும், வடியவும் வடியாது. மாஸ்டர் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை. அளக்கும் கருவி நம் கையில் இருக்காது, கண்ணும் மூக்கும் இருக்கின்றன. வாணலியில் எண்ணெய் கறுத்திருந்து, மேலே நுரை அடங்காமல் நின்று, காரமான புகை மூக்கில் ஏறினால், அன்றைக்கு டீ மட்டும் போதும்.