நாய்க்கு உடம்பைப் பிடித்துவிடுங்கள், தைலம் மட்டும் வேண்டாம்

கிளினிக் கதவைத் திறந்து அந்த லாப்ரடாரைத் தூக்கி வந்தபோதே கற்பூர வாசனை அடித்தது. 11 வயது. காலையில் எழுந்து நிற்கவே திணறுகிறான் என்று நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, இரண்டு நாளாக இடுப்பில் தேய்த்திருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் நாய் அதை நக்கும். கற்பூரமும், வலி நிவாரணத் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் நாய்க்கு விஷம். முதலில் குளிப்பாட்டித்தான் பரிசோதனையே செய்தேன்.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அப்புறம் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. கை வைத்ததும் தோல் துடித்தது, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நமக்கு இருப்பது போல முன்னங்காலை உடம்போடு இணைக்கும் காறை எலும்பு நாய்க்கு இல்லை, தசைகள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. நல்ல நாளிலேயே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான் இருக்கும், பின்னங்கால் வலித்தால் இன்னும் முன்னால் சாய்ந்து நடக்கும், இப்படி மாதக்கணக்கில் நடந்தால் தோள் என்ன ஆகும்!

இப்படி இறுகிய உடம்பைக் கையால் பிடித்துவிடலாம், அதாவது மசாஜ் செய்யலாம். அதனால் தேய்ந்த மூட்டு சரியாகாது. இறுகிய தசை தளரும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், நாய் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கும். டாக்டர் தரும் வலி மருந்து, எடைக் குறைப்பு, வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு ரப்பர் விரிப்பு, இவற்றோடு சேர்த்துச் செய்தால்தான் பலன். நம்முடைய பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் எதுவும் தேவையில்லை. சாப்பிட்ட உடனே வேண்டாம். நாய் தானாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கழுத்திலிருந்து வால் வரை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மெதுவாக நீவுங்கள், எலும்பின் மேல் அழுத்த வேண்டாம். தோளில் மட்டும் சின்ன வட்டமாகப் பிசையலாம். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். 5 நிமிடம் போதும். உடம்பை விறைத்தாலோ, எழுந்து போனாலோ, சரி, இன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடுங்கள்.

தினமும் கை படுகிற உடம்பில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். காதுமடலிலும் விரலிடுக்கிலும் இருக்கும் உண்ணி கையில் தட்டுப்படும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் முலைக்காம்பு வரிசையையும் தடவிப் பாருங்கள்; பட்டாணி அளவில் கட்டி தட்டுப்படும்போதே வருகிறவர்களுக்கு நான் செய்ய முடிவது நிறைய, எலுமிச்சை அளவு ஆனபிறகு வந்தால் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

கட்டி, காயம், சீழ், எலும்பு முறிவு, காய்ச்சல் இருந்தால் பிடித்துவிடக் கூடாது. நேற்று வரை ஓடிய நாய் இன்று திடீரென்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் அது தண்டுவடப் பிரச்சினையாக இருக்கலாம். நீவிப் பார்க்காமல், ஒரு பலகையில் படுக்கவைத்து அப்போதே தூக்கி வாருங்கள்.