செயினை மட்டும் மாற்றினால் போதாது: ஸ்பிராக்கெட் தேர்வும் பராமரிப்பும்

அரிசி ஆலைகளிலும் தேங்காய் நார் ஆலைகளிலும் இயந்திரப் பராமரிப்பு பார்க்கும் எனக்கு, "புதிய செயின் போட்டும் நிற்கவில்லை, கம்பெனி சரக்கு மோசம்" என்ற புகார் மிகவும் பழகிப்போன ஒன்று. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் செயின் நல்ல தரத்தில்தான் இருக்கும். அது ஏறி ஓடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்து, நுனி கூர்ந்து, இரண்டு மூன்று செயின்களுக்கு முன்பே தம் ஆயுளை முடித்திருக்கும். தம் பைக்குக்குச் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒரே செட்டாக வாங்கத் தயங்காத உரிமையாளர்கள்கூட, ஆலைக்கு வந்ததும் செயினை மட்டும் மாற்றச் சொல்வது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற புஷ் ரோலர் செயினின் அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. வெளிக் கண்ணியில் உள்ள 'பின்' என்ற சிறு தண்டு, உள் கண்ணியின் 'புஷ்' என்ற குழலுக்குள் திரும்புகிறது; புஷ்ஷின் மேல் ரோலர் சுழல்கிறது; அந்த ரோலர்தான் ஸ்பிராக்கெட்டின் பற்களுக்கு இடையேயுள்ள குழியில் அமர்கிறது. "செயின் நீண்டுவிட்டது" என்று நாம் சொல்லும்போது தகடுகள் இழுபட்டு நீள்வதாக எண்ணிவிடக் கூடாது. பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று உரசித் தேய்வதால் ஒவ்வொரு இணைப்பிலும் சிறிதளவு இடைவெளி கூடி, அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. இப்படிப் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு பின்களின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம், கூடிய செயின் பற்குழியின் அடியில் அமர முடியாமல் பல்லின் நுனியை நோக்கி மேலேறி ஓடும். அதனால் பல்லின் ஒரு பக்கம் குடைந்து கொக்கி உருவாகிறது. அந்தக் கொக்கியில் புதிய, சரியான பிட்ச் கொண்ட செயினைப் பூட்டினால் சுமை பல பற்களுக்குப் பகிரப்படாமல் ஓரிரு பற்களின் மேலேயே விழுகிறது. பல்லை விட்டு விலக வேண்டிய ரோலரைக் கொக்கி பிடித்திழுக்கிறது. புதிய செயினும் விரைவிலேயே பழையதன் நிலையை அடைகிறது.

தேர்வில் நடக்கும் முதல் பிழை, தேய்ந்த ஸ்பிராக்கெட்டை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச்சென்று "இதே மாதிரி கொடுங்கள்" என்று கேட்பதாகும். தேய்ந்த பல்லை வைத்து ரோலர் அளவையோ பல்லின் தடிப்பையோ கணிக்க முடியாது. பல் எண்ணிக்கையும் போரும் (தண்டு நுழையும் நடுத்துளையும்) ஒத்துப்போனால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அரை அங்குலப் பிட்ச் என்று கேட்டால் 08ஏ, 08பி என்ற இரண்டும் வரும். இரண்டின் பிட்சும் 12.70 மி.மீ.தான். ஆனால் அமெரிக்க வரிசையான 08ஏ-யின் ரோலர் விட்டம் 7.92 மி.மீ., பிரிட்டிஷ் வரிசையான 08பி-யின் ரோலர் விட்டம் 8.51 மி.மீ. ஏ வரிசைக்கு வெட்டிய ஸ்பிராக்கெட்டில் பி செயினைப் போட்டால், பெரிய ரோலர் குழியின் அடியைத் தொடாமல் முதல் நாளிலிருந்தே உயர்ந்து ஓடும். மாற்றிப் போட்டால் ரோலர் குழிக்குள் ஆடும். முக்கால் அங்குலச் செயினிலும் இந்த வேறுபாடு உண்டு; 12ஏ-க்கு ரோலர் 11.91 மி.மீ., 12பி-க்கு 12.07 மி.மீ. ஒரு அங்குலச் செயினில் (16ஏ, 16பி) ரோலர் இரண்டுக்கும் ஒன்றே என்றாலும் உள் அகலம் 15.75, 17.02 மி.மீ. என வேறுபடுவதால், பி வரிசை ஸ்பிராக்கெட்டின் தடித்த பல்லில் ஏ செயின் நெருக்கிப் பிடிக்கும். இறக்குமதியான உலர்த்திகளிலும் தரம்பிரிக்கும் இயந்திரங்களிலும் ஏ வரிசையும், உள்ளூரில் செய்த எலிவேட்டர்களில் பி வரிசையும் ஒரே கூரையின் கீழ் ஓடும் ஆலைகள் இருப்பதால், செயின் தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே பாதுகாப்பானது.

பல் எண்ணிக்கையை வெறும் வேகக் கணக்காக மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. கியர் மோட்டாரில் 11 பல், உருளையில் 22 பல் போட்டாலும், 19-க்கு 38 போட்டாலும் வேகம் பாதியாகத்தான் குறையும். ஆகவே சிறியதும் விலை குறைந்ததுமான 11 பல்லைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். செயின் ஸ்பிராக்கெட்டின் மேல் வட்டமாக அல்லாமல் பல கோணமாகவே வளைகிறது என்பதால், மோட்டார் ஒரே சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 11 பல்லில் ஏறத்தாழ 4 சதவீதம், 17 பல்லில் 1.7 சதவீதம், 25 பல்லில் 0.8 சதவீதம். இது போதாதென்று, 08பி செயினில் 11 பல்லின் பிட்ச் விட்டம் 45 மி.மீ., 19 பல்லின் பிட்ச் விட்டம் 77 மி.மீ. என்பதால், அதே முறுக்கு விசையைக் கடத்த 11 பல் ஸ்பிராக்கெட் செயினை 1.7 மடங்கு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவை முழுவதும் கியர் பாக்ஸின் வெளித் தண்டின் மேல் விழுகிறது. கியர் பாக்ஸில் அடிக்கடி ஆயில் சீல் கசிகிறது, பேரிங் போகிறது என்று வரும் புகார்களில், நான் முதலில் எண்ணிப் பார்ப்பது தண்டில் உள்ள ஸ்பிராக்கெட்டின் பற்களைத்தான். அது பேரிங்கை ஒட்டி இருக்கிறதா, தண்டின் நுனியில் தொங்குகிறதா என்பதை அடுத்துப் பார்ப்பேன். இடம் இருந்தால், மோட்டார் பக்கமுள்ள ஓட்டும் ஸ்பிராக்கெட்டுக்கு 17 பல்லுக்குக் குறையாமலும், திடீர்ச் சுமை விழும் இடங்களில் 21 முதல் 25 பல் வரையிலும் வைப்பது நல்லது. செயினின் கண்ணிகள் பெரும்பாலும் இரட்டைப் படையாக வருவதால், ஓட்டும் ஸ்பிராக்கெட்டில் ஒற்றைப் படையில் பற்கள் இருந்தால் ஒரே பல்லில் ஒரே ரோலர் திரும்பத் திரும்ப விழாமல் தேய்மானம் பரவும்.

உலோகத்தைப் பற்றிக் கடையில் யாரும் கேட்பதில்லை. சிறிய ஸ்பிராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் பெரியதன் பல்லைவிடப் பல மடங்கு அதிகமுறை செயினைச் சந்திப்பதால், அதன் பற்கள் கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். சி45 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகில், நம் பட்டறைகள் இஎன்8 என்று சொல்லும் வகையில், பற்களை இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்தூண்டலால் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினப்படுத்துதல்) செய்யலாம். சாதாரண மைல்டு ஸ்டீலில் கார்பன் குறைவாக இருப்பதால் அது பலிக்காது. ஐயம் இருந்தால் ஒரு நல்ல அரத்தைப் பல்லின் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். கடினப்படுத்திய பல்லில் அரம் வழுக்கும், மென்மையான பல்லில் கடித்துத் தூள் எடுக்கும். லேத் பட்டறையில் போரைப் பெரிதாக்கிக் கீவே (தண்டோடு பூட்டும் சாவிக்கான காடி) வெட்டும்போது, பல் வட்டத்தோடு மையம் ஒத்திருக்கும்படி ஸ்பிராக்கெட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். மையம் விலகிய ஸ்பிராக்கெட் ஒவ்வொரு சுற்றிலும் செயினை ஒருமுறை இறுக்கி ஒருமுறை தளர்த்தும்.

பூட்டும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளின் முகங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை நூல் பிடித்தோ நேர்ச்சட்டம் வைத்தோ பார்க்க வேண்டும். பல்லின் ஒரு பக்கவாட்டு முகம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் நேர்கோடு விலகியிருக்கிறது என்று பொருள். செயினை வீணைத் தந்திபோல் இறுக்கிக் கட்டும் பழக்கமும் கைவிடப்பட வேண்டியது. கிடைமட்ட ஓட்டத்தில், மைய இடைவெளி 600 மி.மீ. என்றால், தளர்ந்த பக்கத்தின் (சுமையை இழுக்காத பக்கத்தின்) நடுப்பகுதி மேலும் கீழுமாக மொத்தம் 24 மி.மீ. வரை அசையலாம், செங்குத்தான ஓட்டத்திலும் அதிர்ச்சிச் சுமையிலும் அதில் பாதி போதும். தளர்ந்த பக்கம் கீழே வரும்படி அமைப்பது நல்லது. கிளிப் வைத்த இணைப்புக் கண்ணியில், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

தேய்மானத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 08 வரிசையில் 24 பிட்ச், 12 வரிசையில் 16 பிட்ச், 16 வரிசையில் 12 பிட்ச் ஆகிய மூன்றுமே புதிதாக இருக்கையில் 304.8 மி.மீ., அதாவது சரியாக ஓர் அடி. இயந்திரத்தை நிறுத்தி, செயினை இழுத்துப் பிடித்து, அத்தனை பிட்ச்களை அளக்கும்போது 311 மி.மீ. வந்தால் 2 சதவீதம் தேய்ந்திருக்கிறது, புதிய செயினுக்குச் சொல்லிவைக்கலாம், 314 மி.மீ. வந்தால் 3 சதவீதம், இனி ஓட்டக் கூடாது. பெரிய ஸ்பிராக்கெட்டில் 67 பற்களுக்கு மேல் இருந்தால், 200-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்து வரும் சதவீதமே எல்லை. 100 பல் என்றால் 2 சதவீதத்திலேயே மாற்றியாக வேண்டும். இந்த எல்லைக்குள் செயினை மாற்றிவந்தால் ஒரு நல்ல ஸ்பிராக்கெட் இரண்டு மூன்று செயின்களைத் தாங்கும். எல்லை தாண்டி ஓடவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இங்கே, ஆலைகளில் சாமர்த்தியம் என்று கருதப்படும் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தளர்ந்த செயினில் ஒரு ஜோடிக் கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் பூட்டுகிறார்கள். 100 கண்ணிகள் கொண்ட செயினில் இரண்டு கண்ணிகளை எடுக்கும் அளவுக்கு நீளம் கூடியிருக்கிறது என்றால், அது ஏற்கனவே 2 சதவீதம் தேய்ந்துவிட்டது. வெட்டியபின் செயின் இறுக்கமாகத் தெரியும். மீதமுள்ள ஒவ்வொரு கண்ணியின் பிட்சும் அதே தேய்ந்த நிலையில்தான் இருக்கும். அந்த இறுக்கத்தை நம்பி ஓட்டும் மாதங்களில்தான் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கியாகின்றன.

எண்ணெய் போட வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில். செயினின் வெளிப்புறத்தில் அப்பிய கிரீஸ் அங்கே இறங்குவதில்லை. பார்வைக்குப் பராமரித்ததுபோல் இருந்தாலும், உமியையும் நார்த் தூளையும் பிடித்துவைத்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி, மணலில் இருக்கும் கடினப் பொருளான சிலிக்கா; அது உமியிலேயே இருப்பது. பாய்லருக்கு உமி ஊட்டும் கன்வேயரின் செயின் மற்றவற்றைவிட முந்தித் தேய்வதற்கு அதுவே காரணம். நம் ஊர் வெப்பத்தில் எஸ்ஏஇ 40 தரமுள்ள சுத்தமான எண்ணெயை, தளர்ந்த பக்கத்தில், உள் தகடும் வெளித் தகடும் சந்திக்கும் இடுக்கில் விழும்படி விட வேண்டும். லாரியிலிருந்து வடித்த கறுத்த எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள கரியும் உலோகத் தூளும் எண்ணெயின் பயனையே கெடுத்துவிடும். இணைப்புக் கண்ணியைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள்: பளபளப்பாக இருந்தால் எண்ணெய் சேர்கிறது, செம்பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் வறண்டு ஓடுகிறது. தூசு படிந்த செயினை மண்ணெண்ணெயில் துலக்கி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் விட வேண்டும்.

தேய்ந்த பற்களின் மேல் வெல்டிங் வைத்து கிரைண்டரால் பல் வடிவம் கொடுப்பதை நான் எந்த ஆலையிலும் அனுமதிப்பதில்லை. கண்ணளவில் தேய்த்த பற்களில் பிட்ச் ஒன்றுபோல் இராது, வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பல்லின் கடினத்தன்மையும் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்து, பல் நுனி மெலியாதிருந்தால், ஸ்பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் ஹப் (நடுத்துளையைச் சுற்றிய புடைப்பு) உள்ளதைத் திருப்பினால் நேர்கோட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இந்த வேலைகளில் எதையும் ஓடும் செயினில் செய்யக் கூடாது. செயின் ஸ்பிராக்கெட்டில் ஏறும் இடத்தில் துணியோ விரலோ சிக்கினால், மோட்டாரை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே வகுத்திருந்தது. எண்ணெய் விட வசதியில்லை என்று சொல்லித்தான் பெரும்பாலான ஆலைகளில் செயின் கவரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார்கள். ஆகவே புதிய கவர் செய்யும்போதே தளர்ந்த பக்கத்துக்கு நேராக ஒரு சிறு கதவையும், சொட்டு எண்ணெய்க் குப்பிக்கு ஒரு குழாயையும் வைத்துவிடச் சொல்லுங்கள். அளக்கவும் துலக்கவும் கவரைக் கழற்றும்போது, மோட்டார் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, வேலை செய்பவரின் பையிலேயே சாவி இருக்கட்டும்.